தாலிச் செயினில் இரண்டு ஊக்கு: புவிகாந்தம் அளக்கும்போது திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

எங்கள் புவிகாந்த ஆய்வகத்துக்குப் பயிற்சிக்கு வந்த பெண்ணின் ரீடிங் மூன்று நாளாக ஒட்டவேயில்லை. காலையில் முதல் செட் நான் எடுத்தால் ஒரு எண் வரும். அடுத்த செட் அவர் எடுத்தால் பத்துப் பன்னிரண்டு நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் சின்ன அலகு) தள்ளி வேறொன்று வரும். கோணம் அளக்கும் டெலஸ்கோப் கருவியான தியோடலைட்டின் மைக்ரோஸ்கோப்பில் டிகிரி, மினிட் படிப்பதில் தடுமாறுகிறார் என்று நினைத்துப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். சரியாகத்தான் படித்தார். சென்சார் கேபிளில் ஈரம் ஏறியிருக்குமோ என்று கழற்றித் துடைத்து மாட்டினேன். கடைசியில் கண்டுபிடித்தது, நாங்கள் அளக்கும் குடிலைப் பெருக்க வரும் அம்மா.

"வெளக்கமாத்துல இரும்பு வளையம் கெடக்குன்னு என்னைய வாசல்லயே நிறுத்துதீங்க. இந்தப் பிள்ள தாலிச் செயினுல ரெண்டு ஊக்கு தொங்குதே, அது பரவாயில்லையா சார்?"

வாட்ச், போன், ஹேர்பின், சாவிக்கொத்து எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டுத்தான் அந்தப் பெண் வந்திருந்தார். ஊக்கு மட்டும் அவர் மனசில் இரும்புக் கணக்கில் இல்லை. நகையோடு கிடப்பதால் அதுவும் நகையாகிவிட்டது. டெலஸ்கோப்பின் தலையில்தான் காந்த சென்சார் உட்கார்ந்திருக்கும். படிக்கக் குனிந்தால் செயின் அதற்கு ஒரு சாணுக்குள் வந்துவிடும்.

ஆனால் அந்த மூன்று நாள் வீணானதற்குக் காரணம் ஊக்கு மட்டுமில்லை. என் தவறும் ஒன்று உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அளவு புரிய வேண்டும். பூமியின் காந்தப்புலம் இடத்தைப் பொறுத்து ஏறக்குறைய 25,000 முதல் 65,000 நானோடெஸ்லா வரை இருக்கும். தென் தமிழ்நாட்டில் சுமார் 40,000. ஓர் இடத்தில் இந்தப் புலம் ஆண்டுக்கு ஆண்டு மாறுவது பெரும்பாலும் சில பத்து நானோடெஸ்லாதான். அந்த மாற்றத்தைப் பிடிக்கத்தான் காட்டிலும் தீவிலும் பனியிலும் ஆய்வகம் போட்டு உட்கார்ந்திருக்கிறோம். உலக ஆய்வகங்களை இணைக்கும் இன்டர்மேக்னெட் கேட்கும் துல்லியம் 5 நானோடெஸ்லா. நாம் தேடும் மாற்றமும் நாம் செய்யும் தவறும் ஒரே அளவில் இருப்பதுதான் இந்தத் தொழிலின் சங்கடம். தவறு பெரிதாக இருந்தால் கண்ணில் பட்டுவிடும். இங்கே அது இயற்கையின் மாற்றம் போலவே வேஷம் போட்டுக்கொண்டு வரும்.

எவர்சில்வரை நம்பாதீர்கள்

தங்கம், வெள்ளி, செம்பு, பித்தளை, அலுமினியம் இவற்றால் பிரச்சினை இல்லை. வெள்ளி அரைஞாணோடு தாராளமாக உள்ளே போகலாம். வம்பு பண்ணுவது எவர்சில்வர். காந்தத்தில் ஒட்டாது என்று பெயர் வாங்கிய ரகங்கள்கூட வளைத்து, இழுத்து, அழுத்திப் பாத்திரமாகவோ திருகாணியாகவோ செய்யும்போது கொஞ்சம் காந்தத்தன்மை பெற்றுவிடும். கடைக்காரர் கொடுத்த சான்றிதழ் இதற்கு உதவாது. மூக்குக் கண்ணாடியின் கீல், பேன்ட் கொக்கி, உள்ளாடைக் கம்பி, ஷூவின் அடியில் இருக்கும் எஃகுப் பட்டை இவை எல்லாவற்றிலும் நான் ஏமாந்திருக்கிறேன். பித்தளை என்று வாங்கும் தாழ்ப்பாள்களில் பாதி முலாம் பூசிய இரும்பு.

இதற்கு ஒரே வழி சோதனை. சென்சாரை ஓடவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டே, சந்தேகப் பொருளை அதன் அருகில் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிக் காட்டுங்கள். எண் ஆடினால் அந்தப் பொருள் வெளியே. இது ஒரு நிமிட வேலை. ஆனால் பத்து வருஷம் வேலை பார்த்தவர்தான் இதைச் செய்ய மாட்டார். தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பார்.

சுவருக்குள் இருக்கும் காந்தம்

செங்கல் சூளையில் சுட்டு ஆறும்போது, அதிலுள்ள இரும்புத் தாதுக்கள் அந்த நேரத்துப் புவிகாந்தத்தை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். தொல்லியல் ஆய்வுக்கு வரமாக இருக்கும் இந்த குணம் நமக்குச் சாபம். ஒவ்வொரு கல்லும் ஒரு சின்னக் காந்தம், கொத்தனார் அதை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாரோ அந்தப் பக்கம். அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த கல்லும் ஆகாது, அதிலும் காந்தத் துகள் உண்டு. மணலையும் ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அலசிப் பார்க்க வேண்டும். கருப்பாக ஒட்டிக்கொண்டு வந்தால் லோடைத் திருப்பி அனுப்புங்கள். நம் தென்கரையோரம் இல்மனைட், மேக்னடைட் என்ற இரும்பு கலந்த தாதுக்கள் மணலில் கிடப்பது ஊருக்கே தெரியும்.

மும்பைக்குத் தெற்கே அலிபாக்கில் ஆய்வகம் கட்டியபோது, போர்பந்தரிலிருந்து காந்தத்தன்மை இல்லாத கல்லைப் பொறுக்கி எடுத்து வந்து கட்டினார்கள். சுற்றிலும் இருப்பது தக்காணத்தின் எரிமலைப் பாறை, அதில் காந்தத் தாது ஏராளம். காலடியில் கிடக்கும் கல்லை விட்டுவிட்டு அவ்வளவு தூரத்திலிருந்து கல் கொண்டுவந்ததை வீண் செலவென்று அன்றைக்கு யாராவது திட்டியிருக்கலாம். நூறு வருஷத்துக்கும் மேலாக அந்த ஆய்வகம் ஓடிக்கொண்டிருக்கிறது.

கட்டும்போது எல்லோரும் கவனமாகத்தான் இருப்பார்கள். கெடுவது பிற்பாடு. பெயின்ட் அடிக்க வந்தவர் துருப்பிடித்த கீலை மாற்றுவார், எலக்ட்ரீஷியன் இரும்பு கிளாம்ப் அடிப்பார், ஓட்டுக்குக் கீழே யாரோ ஆணி அறைந்து காலண்டர் மாட்டுவார்.

ஓடும் வண்டி, ஓடும் மின்சாரம்

இரும்புப் பொருளின் தாக்கம் தூரத்தோடு வேகமாகக் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் தாக்கம் எட்டில் ஒன்றாகும். அதனால் வேலிக்கு வெளியே நிரந்தரமாகக் கிடக்கும் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து ரொம்பப் பதற வேண்டாம். அது கொடுக்கும் பிழை என்றைக்கும் ஒரே அளவு. தினம் வேறு வேறு இடத்தில் நிறுத்தப்படும் மோட்டார் சைக்கிள்தான் ஆபத்து. ஆடு மேய்ப்பவர் வேலியோரம் சாய்த்துவைக்கும் சைக்கிளும் அப்படித்தான்.

மின்சாரம் வேறு கதை. நீண்ட ஒற்றைக் கம்பியில் போகும் நேர்மின்னோட்டத்தின் புலம் அவ்வளவு வேகமாகக் குறையாது. ஒரு ஆம்பியர், 10 மீட்டர் தூரம் என்றால் 20 நானோடெஸ்லா. ஒதுக்குப்புற ஆய்வகங்கள் பெரும்பாலும் சோலார் பேனலில் ஓடுகின்றன. போகும் கம்பி ஒரு சுவரிலும் வரும் கம்பி எதிர்ச் சுவரிலுமாக இழுத்தால், வெயில் ஏறும்போது மின்னோட்டமும் ஏறும், ரீடிங்கும் ஏறும், மேகம் மறைத்தால் இறங்கும். நம் ஊர்ப் பக்கம் இதில் கூடுதல் ஏமாற்று ஒன்று உண்டு. காந்த நடுக்கோட்டை, அதாவது காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் கோட்டை ஒட்டி, 100 கிலோமீட்டருக்குச் சற்று மேலே, பகலில் ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஓடுகிறது. அதனால் இங்கே கிடைத்தளக்கூறு, அதாவது புலத்தின் கிடைமட்டப் பங்கு, காலையில் ஏறி நண்பகலை ஒட்டி உச்சம் தொட்டு இறங்குவது இயற்கை. 100 நானோடெஸ்லா வரைக்கும் ஏறும். சோலார் கம்பியின் பிழையும் அதே வடிவில் வருவதால் பிரித்துப் பார்க்கவே முடியாது. இரண்டு கம்பியையும் ஜடை மாதிரிப் பின்னி இழுத்துவிட்டால் போகும் புலமும் வரும் புலமும் கிட்டத்தட்ட அடிபட்டுப் போகும்.

ஊரே வந்து சூழ்ந்துகொண்டால் இடம் மாறுவதுதான் வழி. மும்பை கொலாபாவில் 1840களிலிருந்து காந்தப் பதிவு நடந்தது. நகரத்தில் மின்சார டிராம் வரப்போகிறது என்றதும், அப்போது இயக்குநராக இருந்த நானாபாய் மூஸ் அலிபாக்குக்கு மாற ஏற்பாடு செய்தார். லண்டன் பக்கத்து கியூ ஆய்வகத்துக்கும் டிராமால் இதே கதி, அது ஸ்காட்லாந்தின் எஸ்க்டேல்முயருக்குப் போனது. மூஸ் செய்த முக்கியமான காரியம், 1904இல் அலிபாக்கைத் தொடங்கிவிட்டு, 1906 வரை இரண்டு இடத்திலும் சேர்த்தே அளந்தது. அதனால்தான் கொலாபாவின் பழைய பதிவையும் அலிபாக்கின் பதிவையும் ஒரே தொடராகக் கோக்க முடிகிறது. இன்றைக்குக் கருவி மாற்றுகிறவர்கள் பழையதை வெள்ளிக்கிழமை கழற்றிப் புதியதைத் திங்கட்கிழமை மாட்டிவிடுகிறார்கள். அந்தச் சனி, ஞாயிறு இடைவெளியில் எவ்வளவு குதித்தது என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

தூண் சாயும், கலசம் நகரும்

கரிசல் மண்ணில் தூண் நட்டவர்களுக்கு இது தெரியும். ஐப்பசி மழையில் மண் ஊதும், பங்குனியில் பிளக்கும், தூண் அதோடு சேர்ந்து சாயும். காந்தச் சரிவு, அதாவது புலம் கிடைமட்டத்திலிருந்து சாயும் கோணம், கிட்டத்தட்ட சுழியாக இருக்கும் நம் பகுதியில் கிடைத்தளக்கூறு 40,000, செங்குத்துக்கூறு ரொம்பச் சிறிது. சென்சார் ஒரு ஆர்க்மினிட், அதாவது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, வடக்கு தெற்காகச் சாய்ந்தால் போதும், சுமார் 12 நானோடெஸ்லா செங்குத்துக்கூறில் போய் உட்கார்ந்துகொள்ளும். தூணுக்கு அடியில் கெட்டி மண் வரும்வரை தோண்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் தானாகவே நேராகத் தொங்கும் வகை சென்சார் வாங்க வேண்டும்.

காந்த ஒதுக்கம், அதாவது காந்த ஊசி மெய்யான வடக்கிலிருந்து விலகும் கோணம், அளக்க மெய்யான வடக்கு எது என்று தெரிய வேண்டும். அதற்காகத் தூரத்தில் ஒரு குறியை வைத்து, அதன் திசையைச் சூரியனையோ நட்சத்திரத்தையோ பார்த்து ஒருமுறை கணக்கிட்டுக்கொள்வோம். அப்புறம் அந்தக் குறியை யாரும் சந்தேகிப்பதில்லை. 200 மீட்டர் தள்ளியிருக்கும் கல்தூணை மாடு உரசி ஆறு சென்டிமீட்டர் நகர்த்தினாலே ஒரு ஆர்க்மினிட் போய்விட்டது. கோபுரக் கலசத்தைக் குறியாக வைக்க ஆசை வரும். தூரம் அதிகம், கூர்மையாகத் தெரியும், மாடு உரசாது. ஆனால் கும்பாபிஷேகத்துக்குக் கலசத்தை இறக்கி ஏற்றுவார்கள். குறி ஒன்றோடு நிற்காமல் இரண்டு மூன்று வைத்து, அவற்றுக்கு இடையிலுள்ள கோணம் மாறுகிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

என் தவறு

தியோடலைட்டை நான்கு நிலைகளில் வைத்துப் படிக்கிறோம். டெலஸ்கோப் நிமிர்ந்து, கவிழ்ந்து, ஒவ்வொன்றிலும் இரு பக்கம். சென்சார் டெலஸ்கோப்போடு துல்லியமாக இணையாக இருக்காது, அந்தக் கோணல் நான்கின் சராசரியில் அடிபட்டுப் போகும். பசி நேரத்தில் இரண்டு நிலையோடு முடித்துவிடுகிறவர்கள் உண்டு, அவர்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. நான்கையும் எடுத்துவிட்டுச் சராசரியை மட்டும் பார்ப்பதுதான் நுட்பமான தவறு. நான்கு எண்ணையும் வேறு விதமாகக் கூட்டிக் கழித்தால் சென்சாரின் கோணல் எவ்வளவு என்பதும் கிடைக்கும். கருவியை யாரும் தட்டாதவரை அது வாரக்கணக்கில் மாறாது. ஒரு செட்டில் மட்டும் துள்ளினால் அளப்பவர் உடம்பில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பெண்ணின் செட்டுகளில் அது முதல் நாளே துள்ளியிருந்தது. தாளின் கடைசி வரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

இந்தக் கைவேலை எதற்கு, ஃப்ளக்ஸ்கேட் என்ற தானியங்கிக் காந்தக் கருவி இரவு பகலாகத் தானே பதிகிறதே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஃப்ளக்ஸ்கேட் ஏற்ற இறக்கத்தைத்தான் அருமையாகச் சொல்லும். குளத்தில் நட்ட அளவுக்குச்சி தண்ணீர் ஒரு முழம் ஏறியதைச் சொல்வதுபோல. குச்சியே சேற்றில் இறங்கிவிட்டால் அதற்குத் தெரியாது. சூடு ஏறினாலும், மின்னணுச் சாதனம் பழசானாலும் அதன் அடிமட்டம் மெல்ல நகரும். வாரம் ஒன்றிரண்டு முறை தியோடலைட்டும், புலத்தின் மொத்த அளவைச் சொல்லும் புரோட்டான் காந்தமானியும் கொண்டு அளந்து அந்த அடிமட்டத்தை, எங்கள் பேச்சில் பேஸ்லைனை, கட்ட வேண்டும். மழை, விடுப்பு, தேர்தல் பணி என்று இரண்டு மாதம் விட்டுப்போனால், நடுவில் பேஸ்லைன் படியாக ஏறியதா, சரிவாக ஏறியதா என்று தெரியாது. புரோட்டான் காந்தமானி நிற்கும் தூணுக்கும் தியோடலைட் தூணுக்கும் இடையே புலம் சில நானோடெஸ்லா வேறுபடும். அதையும் அளந்து வைக்காமல் சுழி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கடிகாரத்தைப் பற்றி ஒரு வரி போதும்: கருவிகள் எல்லாமே உலக நேரத்தில் ஓடட்டும், ஒன்று மட்டும் இந்திய நேரத்தில் ஓடி ஐந்தரை மணி நேரம் தள்ளிப் பதிந்த கோப்பை நான் பார்த்திருக்கிறேன்.

துடைக்கும் ஆசை

பதிவில் திடீரென்று ஒரு குதிப்பு தெரிந்தால் வண்டி வந்திருக்கும் என்று அழித்துவிடுவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது, சில மென்பொருள் தானாகவே அழிக்கிறது. சூரியனிலிருந்து வரும் அதிர்வலை பூமியின் காந்தப்புலத்தை அழுத்தும்போதும் இதே மாதிரிக் குதிப்புதான் வரும். வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் வேறோர் ஆய்வகத்தின் அதே நிமிடப் பதிவைப் பாருங்கள். சூரியன் தட்டினால் எல்லா இடத்திலும் தெரியும், மோட்டார் சைக்கிள் உங்கள் வாசலில் மட்டும்தான் தெரியும். இப்படி ஒப்பிட உதவும் துணை நிலையத்தின் அருமை அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது. திருவனந்தபுரத்தில் அளந்துகொண்டிருந்த ஜான் ஆலன் பிரவுன் 1855இல் பொதிகையின் அகத்தியர் மலை உச்சியிலும் ஓர் ஆய்வகம் கட்டி, மேலும் கீழும் சேர்த்தே அளக்க வைத்தார். 1,800 மீட்டருக்கு மேலே, அடர்ந்த காட்டுக்கு நடுவே.

1859 செப்டம்பர் 2 அன்று, சூரியனால் எழுந்த பெரும் காந்தப்புயலில், கொலாபாவில் கிடைத்தளக்கூறு ஏறக்குறைய 1,600 நானோடெஸ்லா விழுந்ததாகப் பதிவாகியிருக்கிறது. அங்கே கண்ணால் பார்த்துக் கையால் எழுதியவர்களுக்கு அது நம்ப முடியாத எண்ணாக இருந்திருக்கும். எழுதி வைத்தார்கள். அந்தப் பெரும் காந்தப்புயலின் வலிமையைக் கணக்கிட ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அந்த எண்ணைத்தான் எடுக்கிறார்கள்.

ஆகவே அழிப்பதாக இருந்தாலும் மூலப் பதிவைத் தொடாமல் இன்னொரு பிரதியில் அழியுங்கள், ஏன் அழித்தீர்கள் என்று குறிப்பேட்டில் தேதியோடு எழுதுங்கள். தாழ்ப்பாள் மாற்றியது, புல் வெட்டும் இயந்திரம் வந்தது, தூணருகே எறும்புப் புற்று எடுத்தது எல்லாம் எழுத வேண்டியவைதான். அந்தப் பெண் எடுத்த மூன்று நாள் ரீடிங்கையும் நாங்கள் கிழித்துப் போடவில்லை. பேஸ்லைன் கணக்கில் சேர்க்காமல், தாளின் ஓரத்தில் அவரே எழுதினார்: "ஊக்கு, 2. சென்சாரிலிருந்து சுமார் 20 செ.மீ."