அமெரிக்காவில் ஃபார்மசி டெக்னீஷியன் ஆக: கம்யூனிட்டி காலேஜ் வழி, படிப்படியாக

ஃபார்மசி டெக்னீஷியன் வேறு, ஃபார்மசிஸ்ட் வேறு. முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்வோம், ஏனென்றால் என் அம்மா இன்னும் ஊரில் எல்லோரிடமும் நான் "மருந்து டாக்டர்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். இங்கே ஃபார்மசிஸ்ட் ஆக டாக்டர் ஆஃப் ஃபார்மசி பட்டம் வேண்டும். டெக்னீஷியன் அவருடைய மேற்பார்வையில் மருந்துச் சீட்டைக் கணினியில் ஏற்றுவார், மாத்திரை எண்ணுவார், லேபிள் ஒட்டுவார், இன்ஷூரன்ஸோடு மல்லுக்கட்டுவார். கடைசியாகச் சரிபார்த்து "போகலாம்" என்று சொல்வது பொதுவாக ஃபார்மசிஸ்ட்தான்.

ஊரில் பி.ஃபார்ம் முடித்துவிட்டு வந்து இந்த டெக்னீஷியன் வகுப்பில் உட்காருபவர்களும் உண்டு. 2003 ஜனவரி 1 முதல் பட்டம் வாங்கியவர்கள் இங்கே ஃபார்மசிஸ்ட் உரிமத்துக்கான தகுதித் தேர்வு எழுத 5 ஆண்டுப் படிப்பு வேண்டும் என்கிறார்கள், நம் பி.ஃபார்ம் 4 ஆண்டு, கதவு அங்கேயே சாத்திக்கொள்கிறது. நான் பி.காம்., அதனால் அந்த வருத்தம் எனக்கு இல்லை. நான் இருப்பது டெக்சஸில். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், உங்கள் மாநில ஃபார்மசி போர்டின் தளத்தைப் பார்த்துவிட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும்.

முதல் படி: விசா, சான்றிதழ்

எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாக்காரரின் கணவன் அல்லது மனைவியாக, இருந்தால் படிக்கலாம், தடையில்லை. ஆனால் சம்பளத்துக்கு வேலை பார்க்க வேலை அனுமதி அட்டை, அதாவது ஈ.ஏ.டி., கையில் இருக்க வேண்டும். அது வரும் வாய்ப்பே இப்போதைக்கு இல்லை என்றால் கட்டணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். நம் பிளஸ் டூ சான்றிதழைச் சில கல்லூரிகள் அப்படியே ஏற்கும், சில இடங்களில் மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பி இங்குள்ள உயர்நிலைப் பள்ளிப் படிப்புக்குச் சமம் என்று எழுதி வாங்கிவரச் சொல்வார்கள். மார்க் ஷீட் ஊரில் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தால் இன்றைக்கே வாட்ஸ்அப்பில் கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: கல்லூரி

கல்லூரியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "உங்கள் படிப்புக்கு ஏ.எஸ்.ஹெச்.பி. அங்கீகாரம் உண்டா?" என்பதுதான். ஏ.எஸ்.ஹெச்.பி. என்பது இந்தப் படிப்புகளை அங்கீகரிக்கும் ஃபார்மசிஸ்டுகள் சங்கம். இல்லையென்றால் டெக்னீஷியன்களுக்குச் சான்றிதழ் தரும் பி.டி.சி.பி. தேர்வு வாரியம் அந்தப் படிப்பை ஏற்றுக்கொள்கிறதா என்று அடுத்து கேளுங்கள். இந்த வாரியத்தின் தேர்வை எழுத இரண்டே வழி: அது ஏற்றுக்கொண்ட படிப்பு, அல்லது 500 மணி நேர வேலை அனுபவமும் பயிற்சியும். ஏ.எஸ்.ஹெச்.பி. அங்கீகாரத்தில் தொடக்க நிலைப் படிப்பு குறைந்தது 400 மணி நேரம், மேல்நிலை 600 மணி நேரம். ஆறே வாரத்தில் எல்லாம் முடியும் என்று விளம்பரம் பார்த்தால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

டெக்சஸில் உள்ளூர் அரசுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜுக்கு வரி கட்டும் வட்டாரத்துக்குள் வீடு இருந்தால் கட்டணம் குறைவு, வெளியே இருந்தால் அதிகம், வெளிமாநிலம் என்றால் இன்னும் அதிகம். தெருவுக்குத் தெரு மாறும் சமாசாரம் இது. வாடகை வீடு தேடிக்கொண்டிருப்பவர்கள் இதையும் பார்த்து வைக்கலாம்.

மூன்றாம் படி: தடுப்பூசிக் கணக்கு

நான் சறுக்கியது இங்கேதான். பயிற்சிக்கு மருத்துவமனைக்குள் போக தட்டம்மை, சின்னம்மை, ஹெபடைட்டிஸ் பி என்று ஒரு பட்டியலுக்குச் சான்று கேட்பார்கள். என் சின்ன வயது அட்டை எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. ஊசிகளை மறுபடி போட்டுக்கொள்ளலாம், அல்லது டைட்டர் என்கிற ரத்தப் பரிசோதனை செய்து எதிர்ப்புச் சக்தி இருப்பதைக் காட்டலாம், இது சுலபம். காசநோய்ச் சோதனையில்தான் வினை. நமக்கெல்லாம் பிறந்ததும் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்டுவிடுகிறார்கள், தோளில் தழும்பு இருக்கும். அமெரிக்காவில் அதை வழக்கமாகப் போடுவதில்லை. பி.சி.ஜி. போட்டவர்களுக்குத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனை காசநோய் இல்லாமலே பாசிட்டிவாகக் காட்டலாம். ஒரு கிளினிக்கில் சும்மா கையை நீட்டினேன், இரண்டாம் நாள் இட்லி மாதிரி வீங்கிவிட்டது. அப்புறம் எக்ஸ்ரே, மறுபடி சோதனை, பயிற்சி தொடங்க மூன்று வாரத் தாமதம். நீங்கள் முதலிலேயே "பி.சி.ஜி. போட்டிருக்கிறேன், ஐ.ஜி.ஆர்.ஏ. ரத்தப் பரிசோதனை வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: ட்ரெய்னி பதிவு

டெக்சஸ் ஸ்டேட் போர்ட் ஆஃப் ஃபார்மசியில் ட்ரெய்னியாகப் பதிய வேண்டும். கைரேகை எடுப்பார்கள், குற்றப் பின்னணி பார்ப்பார்கள். பொதுவாக 2 ஆண்டுதான் ட்ரெய்னியாக இருக்கலாம், அதற்குள் தேர்வு முடிந்திருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: படிப்பு

முதல் வாரமே அதிகம் விற்கும் 200 மருந்துகளின் பட்டியலைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஜெனரிக் பெயர் (மருந்தின் பொதுப்பெயர்), பிராண்ட் பெயர், எதற்குக் கொடுப்பது. முழுசாக மனப்பாடம் செய்யப் பார்க்காதீர்கள், வால் பிடித்துப் படியுங்கள். "ப்ரில்" என்றும் "சார்ட்டன்" என்றும் முடிந்தால் ரத்த அழுத்தம். "ஓலால்" என்றால் பீட்டா பிளாக்கர், இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து. "ஸ்டாட்டின்" கொழுப்பு. "ப்ரசோல்" பெரும்பாலும் வயிற்று அமிலம். பட்டியலில் ஒரு பகுதி இதிலேயே முடிந்துவிடும்.

நமக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு, சில மருந்துகளுக்கு இங்கே பெயரே வேறு. பாரசிட்டமால் இங்கே அசிட்டமினோஃபென். சால்புட்டமால் இங்கே அல்புட்டெரால். சர்க்கரைக்குக் கொடுக்கும் கிளிபென்கிளமைடு இங்கே கிளைபியூரைடு. தனித் தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்திருந்தேன்.

அடுத்தது சீட்டு வாசிப்பது. நம்மூர் டாக்டர் 1-0-1 என்று எழுதிவிடுவார், காலை ஒன்று இரவு ஒன்று, குழந்தைக்கும் புரியும். இங்கே லத்தீன் சுருக்கம்: பி.ஐ.டி. என்றால் நாளைக்கு 2 வேளை, டி.ஐ.டி. 3, கியூ.ஐ.டி. 4, ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. சாப்பாட்டுக்குப் பின், பி.ஆர்.என். தேவைப்பட்டால் மட்டும். தினம் ஒருமுறை என்பதற்கான கியூ.டி.யைக் கைவிடச் சொல்கிறார்கள், கியூ.ஐ.டி. என்று படித்தால் ஒரு மாத்திரை நான்காகிவிடும்.

கணக்கு என்றால் பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்புக் கணக்குதான். ஒன்று செய்து பார்ப்போம். குழந்தையின் எடை 44 பவுண்டு. அமாக்சிசிலின், ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மி.கி., இரண்டு வேளையாகப் பிரித்து 10 நாள். கடையில் இருப்பது 5 மி.லி.யில் 400 மி.கி. உள்ள திரவம். 44ஐ 2.2ஆல் வகுத்தால் 20 கிலோ. இருபதை நாற்பதால் பெருக்கினால் நாளைக்கு 800 மி.கி., வேளைக்கு 400. அதாவது வேளைக்கு 5 மி.லி., 10 நாளைக்கு 100 மி.லி. பவுண்டைக் கிலோவாக்க மறந்தால் குழந்தைக்கு இரண்டு மடங்குக்கு மேல் போகும். ஆசிரியர் மதிப்பெண் வெட்டுவதும் இதில்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது டி.ஈ.ஏ., அதாவது மத்திய போதைப்பொருள் தடுப்பு அமைப்பு, கொடுக்கும் எண்ணைச் சோதிப்பது. கட்டுப்பாட்டு மருந்து, அதாவது அடிமையாக்கிவிடும் என்று அரசு கட்டுப்படுத்தும் மருந்து, எழுதும் டாக்டருக்கு இரண்டு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட எண் இருக்கும். 1234563 என்று வைத்துக்கொள்வோம். 1, 3, 5ஆம் இலக்கங்களைக் கூட்டினால் 9. 2, 4, 6ஆம் இலக்கங்களைக் கூட்டினால் 12, அதன் இரு மடங்கு 24. ஒன்பதும் இருபத்துநாலும் 33. இதன் கடைசி எண் 3, ஏழாவது இலக்கமும் 3, பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் சீட்டே போலியாக இருக்கலாம், சத்தம் போடாமல் ஃபார்மசிஸ்டிடம் காட்டுங்கள்.

ஆறாம் படி: லேப், நேரடிப் பயிற்சி

மாத்திரையைத் தட்டில் கொட்டி ஸ்பாட்டுலாவால் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணப் பழக்குவார்கள். பெனிசிலின் எண்ணிய தட்டைத் துடைக்காமல் அடுத்த மருந்தைக் கொட்டக் கூடாது, அந்தத் தூளே ஒவ்வாமை உள்ளவருக்குப் போதும். நரம்பில் ஏற்றும் மருந்தைக் கலக்கும் மேடையில் சுத்திகரித்த காற்று ஓடிக்கொண்டே இருக்கும், விளிம்பிலிருந்து 6 அங்குலம் உள்ளே வைத்துத்தான் வேலை, மருந்துக்கும் காற்றுக்கும் குறுக்கே கை போகக் கூடாது. முதல் நாள் எல்லோருடைய கையும் போகும்.

பயிற்சிக்கு அனுப்பும் கடையில் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. அங்கேதான் உண்மையான வேலை தெரியும்: வரிசையில் பத்துப் பேர், போன் அடிக்கிறது, இன்ஷூரன்ஸ் "அதே சீட்டில் மறுபடி வாங்க (ரீஃபில்) இன்னும் நாள் இருக்கிறது" என்று திருப்பி அனுப்புகிறது, கோபம் முழுக்க உங்கள் மேல். நம்மவர்கள் வந்து தமிழில் "ஏம்மா, இதைச் சாப்பாட்டுக்கு முன்னாடி சாப்பிடலாமா, அந்த மாத்திரையோட சேர்க்கலாமா?" என்று கேட்பார்கள். பதில் தெரிந்திருந்தாலும் சொல்லக் கூடாது. "ஃபார்மசிஸ்ட் சொல்வார் ஆன்ட்டி, ஒரு நிமிஷம்" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆலோசனை சொல்வது டெக்னீஷியன் வேலை இல்லை.

ஏழாம் படி: தேர்வு

பி.டி.சி.பி. தேர்வுக் கட்டணம் 129 டாலர். 90 கேள்விகள், அவற்றில் 80க்குத்தான் மதிப்பெண், எந்தப் பத்து சும்மா என்று சொல்ல மாட்டார்கள். விடை எழுத 1 மணி 50 நிமிடம். 1000 முதல் 1600 வரையுள்ள அளவுகோலில் 1400 எடுத்தால் தேர்ச்சி. மருந்துகளைப் பற்றிய பகுதிதான் பெரியது. சட்டப் பகுதியை நிறையப் பேர் கடைசி இரவுக்கு ஒதுக்கிவைத்துத் தடுமாறுகிறார்கள். கட்டுப்பாட்டு மருந்துகளில் இரண்டாம் அட்டவணை மருந்துக்கு ரீஃபிலே கிடையாது, மூன்று, நான்காம் அட்டவணைக்கு 6 மாதத்துக்குள் 5 தடவை, இதையெல்லாம் முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

தேறியதும் ஊருக்குப் போன் போடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ட்ரெய்னி பதிவு தானாக மாறாது, போர்டில் டெக்னீஷியன் பதிவுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சான்றிதழை 2 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க 20 மணி நேரத் தொடர்கல்வி தேவை, அதில் 1 மணி நேரம் சட்டம், 1 மணி நேரம் நோயாளி பாதுகாப்பு.

சம்பளம் கேட்பீர்கள். 2023 மே கணக்குப்படி நாடு முழுவதற்குமான இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 40,300 டாலர். கடையை விட மருத்துவமனையில் பொதுவாகக் கொஞ்சம் கூடுதல், ஆனால் அங்கே இரவு ஷிஃப்டும் உண்டு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் நேர்முகத் தேர்விலேயே ஷிஃப்ட் நேரத்தைக் கேட்டுவிடுங்கள், சேர்ந்த பிறகு கேட்டால் "அதான் வேலை விளம்பரத்தில் இருந்ததே" என்பார்கள்.