குழியிலேயே தங்கட்டும் பூச்சி முட்டை

மட்டக்களப்பு ஆரையம்பதிப் பக்கம் மலசலகூடக் குழி கட்டப் போனால் வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "மேசன் அண்ணே, குழிக்கு அடியில எதுக்குக் கொங்கிறீற்று? மணல் குடிச்சிடும்தானே?" குடிக்கும். நாலடியில் தண்ணீர் ஊறுகிற மணல், பக்கத்துக் கிணற்றுக்கும் சேர்த்துக் குடிக்கக் கொடுக்கும். அதனால் மலசலகூடக் குழிக்கு அடி கட்டாயம். கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி, மாரிக்கு முன் ஆகஸ்டிலேயே வெட்டுங்கள்.

மலத்தோடு குழிக்குள் வரும் வட்டப்புழு (குடலில் வாழும் பூச்சி) முட்டை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தண்ணீரைவிடக் கனம். அசையாத தண்ணீரில் மணிக்கு ஏறக்குறைய 65 சென்ரிமீற்றர் கீழே இறங்கும். ஆக, மேசனின் வேலை தண்ணீரை அசையவிடாமல் வைப்பதுதான். நடுச்சுவர் எழுப்பி இரண்டு அறையாக்குங்கள். முதல் அறை மற்றதைப்போல் இருமடங்கு. உள்ளே வரும் வாயிலும் வெளியே போகும் வாயிலும் டீ குழாய் (T வடிவக் குழாய்) வையுங்கள். தொழில் பழகிய காலத்தில் ஒரு வீட்டில் போகும் வாய்க்கு டீ வைக்காமல் விட்டேன். மிதந்த ஏடெல்லாம் போய், வெளியேறும் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழியை அடைத்தது. என் செலவில்தான் உடைத்துத் திருத்தினேன்.

பூசி முடித்ததும் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். முதல் நாள் சுவர் குடிக்கும், அது கணக்கில்லை. மறுநாள் திரும்ப நிரப்பி, தண்ணீர் மட்டத்தில் சோக்கால் கோடு போடுங்கள். விடிய வந்து பார்க்கும்போது தண்ணீர் கோட்டில் நிற்க வேண்டும்.

குளோரின் தூள் கொட்டுவது வீண். முட்டை ஓட்டுக்கு அது உறைக்காது. கழிவைச் செரிக்கிற நல்ல கிருமிகள்தான் சாகும்.

இவ்வளவு செய்தும் கொஞ்ச முட்டை வெளியே போகும். பச்சையாகத் தின்னும் பயிருக்கு விடும் கழிவுநீரில் லீற்றருக்கு 1 முட்டைக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வீட்டுக் குழியால் அது முடியாது. அதற்கு நாட்கணக்கில் தண்ணீர் தங்கும் குளங்கள் அடுத்தடுத்து வேண்டும். ஆகவே குழியிலிருந்து வெளியே வரும் தண்ணீரை சல்லிக்கல் பாத்திக்குள் விட்டு வாழை வையுங்கள், வல்லாரை வேண்டாம். கிரிப்டோஸ்போரிடியம் என்றொரு கிருமி 4 முதல் 6 மைக்றோன்தான் (ஒரு மைக்றோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இலேசில் அடியில் படியாது, குளோரினுக்கும் மசியாது. அதனால் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

அடிச்சேறு ஆழத்தில் மூன்றிலொரு பங்குக்கு வந்தால் பவுசரைக் கூப்பிடுங்கள். சேற்றைத் தோட்டத்தில் கொட்டவிடாதீர்கள்; முட்டை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மாரியில் மட்டும் முழுக்க இறைக்க வேண்டாம். வெறும் தொட்டியை நிலத்தடி நீர் தோணிபோல் தூக்கிவிடும். ஒரு டிசம்பரில் குழாய் முறிந்து, மூடியோடு ஒரு பக்கம் எழும்பி நின்ற தொட்டியைப் பார்க்க என்னைத்தான் கூப்பிட்டார்கள்.