பெட்டியை நடுவில் நிறுத்திய கதை

அம்மாவின் தையல் கடைக்கு ஒரே ஒரு பக்கம் கொண்ட இணையதளம். நடுவில் வெள்ளைப் பெட்டி, இருபுறமும் வெளிர் நிறம். அவ்வளவுதான் திட்டம்.

பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் மொழியில், முதலில் எழுத்தை நடுவாக்கும் டெக்ஸ்ட்-அலைன் சென்டர் போட்டேன். எழுத்தெல்லாம் கல்யாணப் பத்திரிகை மாதிரி நடுவுக்கு வந்தது, பெட்டி மட்டும் அசையவில்லை. சரி என்று பெட்டிக்கு வெளியே விடும் இடைவெளியான மார்ஜினுக்கு, இடது, வலது இரண்டு பக்கமும் ஆட்டோ கொடுத்தேன். அப்போதும் அப்படியே.

காரணம் புரிய ஒரு மாலை முழுக்க ஆனது. டிவ் (பெட்டியை உருவாக்கும் எச்டிஎம்எல் குறி) என்பது தானாகவே முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். மிச்ச இடம் இருந்தால்தானே ஆட்டோ அதை இருபுறமும் சமமாகப் பிரிக்கும்! விட்த் (அகலம்) 960 பிக்சல் என்றதும் பெட்டி நடுவில் வந்து நின்றது.

போனில் பார்த்தால் எழுத்து எறும்பு அளவு. பக்கத்தின் ஹெட் பகுதியில், போன் திரையின் அகலத்துக்கே பக்கத்தை அமைக்கச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா வரியைச் சேர்த்தேன். எழுத்து பெரிதானது, ஆனால் பக்கம் பக்கவாட்டில் ஓடியது. 960-ஐ மேக்ஸ்-விட்த் (அதிகபட்ச அகலம்) ஆக்கி, விட்த் 100% வைத்தேன். அப்புறமும் கொஞ்சம் ஓட்டம். இருபுறமும் நான் வைத்த 20 பிக்சல் பேடிங் (பெட்டிக்கு உள்ளே விடும் இடைவெளி), அகலத்துக்கு மேல் 40 பிக்சலாகக் கூடியிருந்தது. பேடிங்கையும் அகலத்துக்குள்ளேயே கணக்கிடச் சொல்லும் பாக்ஸ்-சைசிங் பார்டர்-பாக்ஸ் என்ற ஒரு வரியில் தீர்ந்தது. உண்மையில் அந்த விட்த் 100% தேவையே இல்லை, எடுத்துவிட்டாலும் சரியாகவே வந்தது.

அம்மா பார்த்துவிட்டு, "ரவிக்கை அளவு எடுக்கும் நேரம் எங்கே போட்டிருக்கே?" என்றார். அதை மறந்திருந்தேன்.