பழைய ரெக்டரியைப் பதிவு செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்துக் கிராமங்களில் தேவாலயத்தை ஒட்டிப் பெரிய தோட்டத்தோடு ஒரு வீடு நின்றால், வாசலில் 'ஓல்டு ரெக்டரி' என்ற பலகை இருக்க வாய்ப்பு அதிகம். ரெக்டர் எனப்படும் குருவானவர் குடியிருந்த வீடு அது. இன்று இவற்றில் பெரும்பாலானவை தனியார் கையில் இருக்கின்றன. இத்தகைய வீடுகளை அளந்து வரைந்து பதிவு செய்ய வரும் புதியவர்கள், நான் ஒரு காலத்தில் சறுக்கிய அதே இடங்களில் வரிசையாகச் சறுக்குகிறார்கள். நாடா தொய்வது, வரைபடத்தில் வடக்கைக் குறிக்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். இரண்டாம் நாளே அவை தானாகச் சரியாகிவிடும்.

முகப்பைப் பார்த்து வயது சொல்வது

இதற்குத்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. சிவப்புச் செங்கல், நடுவில் கதவு, இருபுறமும் ஒரே அளவில், மேலும் கீழும் நகர்த்தித் திறக்கும் சாஷ் ஜன்னல்கள். பார்த்த மாத்திரத்தில் குறிப்பேட்டில் 'ஜார்ஜியன், 18-ஆம் நூற்றாண்டு' என்று எழுதியாகிவிடும். அப்புறம் பார்ப்பதெல்லாம் அந்த வரிக்குச் சாட்சியாகவே தெரியும். பின்பக்கம் தாழ்ந்த கூரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சமையல்கட்டு 'பிற்காலச் சேர்க்கை' ஆகிவிடும்.

அந்த வரி எவ்வளவு பணத்தைத் தின்னும் என்பதைக் கிழக்கு இங்கிலாந்தில் ஒரு வீட்டில் பார்த்தேன். வாங்கியவர்கள் அப்படிப்பட்ட ஓர் அறிக்கையை நம்பி, பின்கட்டை இடித்துக் கண்ணாடிச் சமையலறை கட்ட முழு வரைபடமும் போட்டு வைத்திருந்தார்கள். விண்ணப்பத்தைப் பார்க்க வந்த கவுன்சில் அதிகாரி முதலில் கேட்டது ஏணி. மச்சுக்குள் டார்ச் அடித்தால் கைமரங்கள் எல்லாம் கரியேறிக் கன்னங்கரேலென்று இருந்தன. புகைபோக்கி வருவதற்கு முன்பு, தரை நடுவே தீ மூட்டி, புகையைக் கூரைவழியே விட்ட காலத்துக் கூடம் அது. வீட்டிலேயே மூத்த பகுதியைத்தான் இடிக்கப் பார்த்திருக்கிறார்கள். வரைபடத்துக்குக் கொடுத்த பணம் போயிற்று. அறிக்கை எழுதியவர் மச்சில் ஏறவே இல்லையாம். ஏணியோ வண்டிக்கொட்டகையில்தான் சாய்த்து வைத்திருந்தது.

அந்தக் காலக் கூடம் எப்படி இருந்தது என்று பார்க்க, சசெக்ஸில் உள்ள ஆல்ஃபிரிஸ்டன் கிளெர்ஜி ஹவுஸுக்குப் போய்வரலாம். 14-ஆம் நூற்றாண்டு மரச்சட்டக வீடு. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு விலைக்கு வாங்கிய முதல் கட்டடம் இதுதான். 1896-இல், 10 பவுண்டுக்கு.

முகப்பு மட்டும் மாறியதற்குக் காரணம் உண்டு. வீடு ரெக்டருக்குச் சொந்தமல்ல. பதவியில் இருக்கும்வரை அனுபவிக்கலாம், அவ்வளவுதான். பழுதுபார்க்காமல் விட்டுப் போனால், அடுத்து வருபவர் அந்தச் செலவை அவரிடமோ அவர் வாரிசுகளிடமோ கேட்கலாம். அதனால் வசதியான ஒருவர் வந்து முகப்பைப் புதுப்பிப்பார். அடுத்தவர் ஒழுகும் இடத்தை மட்டும் அடைப்பார். 1776-இல் வந்த கில்பர்ட் சட்டம், பதவியின் வருமானத்தை அடமானம் வைத்து வீட்டுக்காகக் கடன் வாங்க வழி செய்தது. அதற்குப் பிறகு முகப்புகள் இன்னும் வேகமாக மாறின.

முழு வீடும் ஒரே மூச்சில் எழுந்த இடங்களும் உண்டு. லிங்கன்ஷயரில் எப்வொர்த் ரெக்டரி 1709-இல் தீயில் போனது. ரெக்டரின் மகனும் பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியவருமான சிறுவன் ஜான் வெஸ்லியை மாடி ஜன்னல் வழியாகத்தான் இறக்கிக் காப்பாற்றினார்கள். பிறகு செங்கல்லில் புதிதாகக் கட்டினார்கள். ஆனால் தீ விபத்தை எல்லா ஊரிலும் எதிர்பார்க்க முடியாதே.

ஆகவே மச்சிலிருந்து தொடங்குங்கள். முன்சுவரும் பின்சுவரும் எவ்வளவு தடிமன் என்று ஜன்னலருகே அளந்து பாருங்கள். கூரைச் சரிவு எங்கே மாறுகிறது, அறைக்கு அறை தரை எங்கே ஒரு படி ஏறி இறங்குகிறது என்று குறியுங்கள். ஜன்னல் சட்டகம் சுவருக்குள் தள்ளியிருப்பதை வைத்து ஆண்டு சொல்லாதீர்கள். 4 அங்குலம் உள்ளே தள்ளச் சொன்ன 1709 சட்டம் லண்டனுக்கானது. அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் கிராமத்துத் தச்சர்கள் சுவர்முகத்தோடு ஒட்டியே வைத்தார்கள்.

'கப்பல் மரம்' கதை

'இந்த விட்டம் பழைய கப்பலை உடைத்த மரம்' என்று சொன்னால் நம்பாதீர்கள். விட்டத்தில் வெற்றுத் துளைகள் இருந்தால், பெரும்பாலும் வேறொரு பழைய கட்டடத்தின் மரம்.

அடைத்த ஜன்னல் எல்லாம் ஜன்னல் வரியால் என்பது

ஜன்னல்களின் எண்ணிக்கையை வைத்துப் போட்ட அந்த வரி 1696 முதல் 1851 வரை இருந்தது உண்மை. ஆனால் முகப்பு இருபுறமும் ஒத்திருக்க வேண்டும் என்பதற்காகக் கட்டும்போதே பொய் ஜன்னல் வைத்தவர்கள் ஏராளம். உள்ளே போய்ப் பாருங்கள். அதன் பின்னால் புகைபோக்கி ஏறினால் அங்கே ஜன்னல் இருந்ததே இல்லை.

பெரிய களஞ்சியத்தைக் கண்டதும் 'தசமபாகக் களஞ்சியம்' என்பது

தசமபாகம் என்பது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குக் கொடுப்பது. ரெக்டருக்குத் தானியம், உலர்புல் உட்பட முழுத் தசமபாகமும் சேர வேண்டும். ரெக்டரின் இடத்தில் பணியாற்றும் குருவான விகாருக்குப் பொதுவாக முட்டை, ஆட்டுக்குட்டி, தோட்டத்து விளைச்சல் போன்ற சிறு தசமபாகம்தான். எனவே ரெக்டரி வளாகத்தில் களஞ்சியம் இருப்பது இயல்பு. ஆனால் ரெக்டர் தன் கிளீப் நிலத்தில், அதாவது தேவாலய மானிய நிலத்தில், தானே பயிரும் செய்திருப்பார். அந்த அறுப்பும் அதே களஞ்சியத்துக்குத்தான் வந்தது. பிராட்ஃபர்ட்-ஆன்-ஏவனில் 'டைத் பார்ன்' என்று ஊரே அழைக்கும் 14-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், உண்மையில் ஷாஃப்ட்ஸ்பரி கன்னியர் மடத்தின் பண்ணைக் களஞ்சியம். இன்னொன்று: 1836 சட்டம் தசமபாகத்தைப் பணமாக மாற்றியது. அதன்பின் வேலையிழந்த களஞ்சியங்கள் பல லாயமாகவோ வண்டிக்கொட்டகையாகவோ மாறின. புதிய அகலக் கதவை வைத்து முழுக் கட்டடத்துக்கும் வயது போடாதீர்கள்.

சிமென்ட்

வேண்டாம். சுண்ணாம்புக் காரைச் சுவரின் இணைப்புகளில் சிமென்ட் அடைத்தால், ஈரம் செங்கல் வழியே வெளியேறப் பார்க்கும்; பனிக்காலத்தில் செங்கல் முகம் பொரிந்து உதிரும்.

காகிதம் பார்க்காமல் போவது

கிளீப் டெரியர் என்ற சொத்துப் பதிவேடுகள் பல பாரிஷ்களுக்கு, அதாவது தேவாலயப் பங்குகளுக்கு, 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கின்றன. எத்தனை அங்கணம், கூரை வைக்கோலா ஓடா, களஞ்சியம் எங்கே என்று சிலவற்றில் விவரமாகவே இருக்கும். கில்பர்ட் சட்டக் கடன் கோப்புகளில் வீட்டு வரைபடமே கிடைப்பதுண்டு. மாவட்ட ஆவணக் காப்பகத்தில் ஒரு காலைப்பொழுது போதும்.

துணைக் கட்டடங்களைக் கடைசிக்குத் தள்ளுவது

வீட்டுக்குள் மதியம்வரை அளந்துவிட்டு, பீர் காய்ச்சும் அறை, பால் அறை, லாயம், புறாக்கூடு எல்லாவற்றையும் நாலு புகைப்படத்தில் முடித்துவிடுகிறார்கள். வீடு பாதுகாப்புப் பட்டியலில் இருந்தால், அதன் வளாகத்துக்குள் 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்தே நிற்கும் கட்டடங்களுக்கும் பொதுவாக அதே பாதுகாப்பு உண்டு. பட்டியலில் தனியாகப் பெயர் வேண்டியதில்லை. அனுமதி இல்லாமல் இடிப்பது கிரிமினல் குற்றம். பதிவில் விட்டுப்போன கொட்டகையைத்தான் வீட்டுக்காரர் முதலில் இடிக்க நினைப்பார். அதனால் அவர் டீக்குக் கூப்பிடுவதற்கு முன்பே வெளியே உள்ளவற்றை அளந்து முடித்துவிடுங்கள். லாயத்தில் தரையின் சாய்வையும் கழிவுநீர்க் கால்வாயையும் குறிக்க மறக்க வேண்டாம்.