கோத்தகிரியில் தங்கி நீலகிரி மக்களைத் தெரிந்துகொள்ள: முதல்முறை போகிறவர்களுக்கான செய்முறை

நீலகிரிக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் ஊட்டியில் இறங்கி, படகு இல்லம், பூங்கா, தொட்டபெட்டா என்று சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு தொல்குடிகளும், அவர்களோடு நூற்றாண்டுகளாகக் கொடுக்கல் வாங்கலில் வாழ்ந்துவரும் படுகரும் இருக்கிற மலை இது. அந்த மனிதர்களில் ஒருவரிடம்கூட நின்று பேசாமல் இறங்கிவிடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அதனால் இந்தக் குறிப்பில் சுற்றுலா இடங்களின் பட்டியல் இருக்காது. மக்களைப் பார்க்க எப்படிப் போவது என்பதை மட்டும் சொல்கிறேன். அறை பதிவு, ஸ்வெட்டர், மாத்திரை எல்லாம் உங்களுக்கே தெரியும்.

படி 1: தங்குவது கோத்தகிரியில்

ஊட்டியில் தங்காதீர்கள், கோத்தகிரியில் தங்குங்கள். இதில் நான் பிடிவாதக்காரன். ஊட்டியைவிட உயரம் குறைவு, குளிர் உடம்பைப் படுத்தாது. சுற்றிலும் படுகர் ஊர்களும் கோத்தர் ஊர்களும், கீழ்ச்சரிவுகளில் இருளர், குறும்பர் குடியிருப்புகளும் இருக்கின்றன. தொட்டபெட்டா மலைத்தொடர் தடுப்பதால் ஜூன், ஜூலை மழை ஊட்டிப் பக்கம் பெய்கிற அளவுக்கு இங்கே பெய்யாது. பள்ளி விடுமுறைக் கூட்டம் இறங்கிய பிறகு ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம்.

அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவமழை நேராக இந்தப் பக்கத்தில்தான் அடிக்கும். 2009 நவம்பரில் கோத்தகிரி, குன்னூர், கேத்தி பகுதிகளில் நடந்த மண்சரிவில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த மாதங்களில் கனமழை எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

படி 2: மேலே ஏறுவது

என் சிபாரிசு அரசுப் பேருந்து. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி சுமார் 33 கிலோமீட்டர். ஜன்னலோரம் உட்கார்ந்தால் பாக்குத் தோப்பு முடிந்து காடு தொடங்குவதும், காடு விலகித் தேயிலை வருவதும் கண்முன்னே நடக்கும். பக்கத்து இருக்கைக்காரர் எந்த ஊர் என்று கேட்பார். உங்கள் பயணம் அங்கேயே தொடங்கிவிடும்.

மலை ரயில் ஆசை இருந்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மட்டும் ஏறுங்கள். பல்சக்கரத் தண்டவாளம் இருக்கிற கல்லாறு–குன்னூர் பகுதிதான் அந்தப் பாதையின் உயிர். குன்னூரில் இறங்கிக் கோத்தகிரி பஸ் பிடித்துக்கொள்ளலாம். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு திறந்த அன்றே எடுத்துவிடுங்கள்.

சொந்த வண்டி என்றால் இ-பாஸ் கட்டாயம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதில் பலரும் குழம்புகிற இடங்கள் இவை: பாஸ் ஆளுக்கு அல்ல, வண்டிக்கு. அரசுப் பேருந்திலோ ரயிலிலோ வருகிறவர்களுக்குத் தேவையில்லை. கோயம்புத்தூரில் வாடகைக்கு எடுத்த ஸ்கூட்டருக்கும் வேண்டும். அரசு இணையதளத்தில் இது இலவசம், காசு கேட்கிற பக்கம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வாரநாட்களில் நாளொன்றுக்கு 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். எனவே கோடையில் போவதாக இருந்தால் அறை போடுவதற்கு முன்பே பாஸ் எடுத்துவிடுங்கள்.

*பிற்சேர்க்கை:* இதைப் படித்துவிட்டு மே மாதம் காரில் போன ஒருவர், கோத்தகிரி சாலையில் ஏற விடவில்லை என்று எழுதியிருந்தார். கோடை சீசனில் போலீசார் ஒருவழிப் பாதை அறிவிப்பார்கள். ஏறுவது பர்லியார், குன்னூர் வழி. இறங்குவது கோத்தகிரி வழி. அந்த நாட்களில் கோத்தகிரிக்குப் போகிறவரும் குன்னூர் சுற்றித்தான் வர வேண்டியிருக்கும். அதற்கான நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டம் முழுக்கத் தடை. சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், அபராதமும் உண்டு. எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள்.

படி 3: முதல் நாள் கண்ணேரிமுக்கு, இரண்டாம் நாள் பாலாடா

கோத்தகிரியிலிருந்து கொஞ்ச தூரத்தில் கண்ணேரிமுக்கு இருக்கிறது. 1819-இல், அப்போது கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் கட்டிய பங்களா அங்கே நினைவகமாக நிற்கிறது. ஊட்டி உருவாவதற்கு முன்னால் ஆங்கிலேயர் மலையில் காலூன்றிய இடம் அது. பழைய படங்கள் நிறைய வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் ஊட்டி பஸ் ஏறி, அங்கிருந்து முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்துக்குப் போங்கள். ஒவ்வொரு குடியின் வீட்டையும் மாதிரியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். பாத்திரம், ஆயுதம், நகை, இசைக்கருவி எல்லாம் உள்ளே இருக்கும். ஊர்களுக்குள் போவதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது மிக முக்கியம். தோடர் வேறு கோத்தர் வேறு என்பதே தெரியாமல் ஒரு பெரியவர் முன்னால் போய் நின்று "நீங்க எந்த ட்ரைப்?" என்று கேட்கிற சங்கடம் இதனால் தவிரும். அவசரமாகப் போய் வருகிறவர்கள் கழித்துக்கட்டுவது இந்தப் படியைத்தான். தயவுசெய்து கழிக்காதீர்கள்.

படி 4: ஊருக்குள் போவது

எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்த படி இது. எப்படிப் போவது, யாரிடம் கேட்பது, கேமராவை எப்போது வெளியே எடுப்பது என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் படுகர் ஊர். ஹட்டி என்பார்கள். வரிசையாக ஒட்டி நிற்கும் வீடுகள், முன்னால் பொது முற்றம், பக்கத்தில் கோயில், சுற்றிலும் தேயிலை. எல்லோரும் தமிழ் நன்றாகப் பேசுவார்கள் என்பதால் மொழிச் சிக்கல் இல்லை. ஆனால் நேராக உள்ளே நுழைந்து படம் எடுக்கத் தொடங்கக் கூடாது. ஊர் முகப்பில் டீக்கடையோ மளிகைக் கடையோ இருக்கும். அங்கே ஒரு டீ சொல்லுங்கள். "அண்ணா, ஊரைச் சுற்றிப் பார்க்கலாமா? யாரிடம் கேட்கணும்?" என்று கேட்டால் போதும். பெரும்பாலும் அவரே ஒருவரைக் கூப்பிட்டுவிடுவார். கோயில் வளாகத்துக்குள் செருப்போடு போகக் கூடாது. சில கோயில்களில் வெளியாட்கள் நிற்க வேண்டிய எல்லை உண்டு, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பேச்சைத் தொடங்க ஒரு வழி சொல்கிறேன்: பசுந்தேயிலை விலையைக் கேளுங்கள். படுகர் வீடுகளில் பலரும் சிறு தேயிலை விவசாயிகள். கிலோவுக்கு என்ன கிடைக்கிறது, பறிப்புக் கூலி எவ்வளவு, தொழிற்சாலை எப்போது பணம் தரும் என்பதெல்லாம் அவர்களை அன்றாடம் அழுத்துகிற விஷயங்கள். அக்கறையோடு கேட்டால் மனம் விட்டுப் பேசுவார்கள். "உங்க கலாச்சாரத்தைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் யாருக்குமே பதில் வராது.

அடுத்தது தோடர் மந்து, அதாவது அவர்களின் குடியிருப்பு. ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மேலே இருக்கிற மந்துக்குத்தான் சுற்றுலாப் பயணிகள் அதிகம் போகிறார்கள். தலைகுந்தா பக்கத்தில் முத்தநாடு மந்து பெரியது. அரைப்பீப்பாய் வடிவ வீடுகள் இன்று குறைவு, பலரும் சாதாரண ஓட்டு வீடுகளிலும் காங்கிரீட் வீடுகளிலும்தான் இருக்கிறார்கள். அதைப் பார்த்து ஏமாற்றமடையாதீர்கள், அவர்களும் நம்மைப் போல இந்தக் காலத்தில்தான் வாழ்கிறார்கள்.

கண்டிப்பாக மனதில் வைக்க வேண்டியது பால்கோயில். தோடர்களின் வழிபாடு எருமையையும் பாலையும் சுற்றி அமைந்தது. கோயிலைச் சுற்றியுள்ள கல்வேலிக்குள் நாம் போகக் கூடாது. பெண்கள் நிற்கும் எல்லை இன்னும் தள்ளி இருக்கும். தூரத்திலிருந்து பார்ப்பதற்கும் படம் எடுப்பதற்கும்கூட அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். காலி வீடு போலத் தெரிகிற எதற்குள்ளும் தலையை நுழைக்க வேண்டாம்.

மந்தில் பெண்கள் பூத்தையல் போட்டுக்கொண்டிருந்தால், அனுமதி கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வெள்ளைப் பருத்தித் துணி, சிவப்பு நூல், கறுப்பு நூல், ஓர் ஊசி, அவ்வளவுதான். வளையச் சட்டம் கிடையாது. துணியில் பென்சில் கோடு கிடையாது. ஊசி நுனியால் நெசவின் இழைகளை எண்ணி, அந்த எண்ணிக்கையிலேயே கோலத்தைக் கட்டுகிறார்கள். ஒவ்வொரு தையலிலும் நூலைக் கொஞ்சம் தளர்வாக விடுவதால் மேற்பரப்பு விரலுக்குப் புடைப்பாகத் தட்டும். எண்ணிக்கை ஓர் இழை தவறினாலும் வரிசை முழுக்கக் கோணிவிடும், பிரித்துத்தான் போட வேண்டும். பூத்துக்குளி என்கிற பெரிய போர்வை ஒன்று முடிய வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். இந்தத் தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

வாங்குவதாக இருந்தால் தைத்தவரிடமே வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள். போர்வைக்குப் பணம் போதவில்லையா, சின்னப் பர்ஸ், கைபேசி உறை எல்லாம் தைக்கிறார்கள். கடைத்தெருவில் அச்சடித்த போலிகள் உண்டு. துணியைப் புரட்டிப் பாருங்கள், கைத்தையலில் பின்பக்கமும் கோலம் ஒழுங்காகவே இருக்கும், அச்சில் பின்பக்கம் வெளிறிக் கிடக்கும்.

கோத்தர் ஊர்களுக்கு அறிமுகமானவர் இல்லாமல் போக வேண்டாம் என்பதே என் கருத்து. இரும்பு வேலை, மண்பாண்டம், இசை மூன்றிலும் கைதேர்ந்தவர்கள். மலையில் மற்றவர்களுக்கும் ஒரு காலத்தில் அவர்கள்தான் கருவி செய்து கொடுத்தார்கள், வாசித்தார்கள். பானை வனைவது அங்கே பெண்களின் வேலை. குறும்பர், இருளர் சேகரிக்கும் மலைத்தேன் வேண்டுமென்றால், கோத்தகிரியில் உள்ள கீஸ்டோன் அமைப்பு நெடுங்காலமாகத் தேன் எடுப்பவர்களோடு வேலை செய்கிறது. அங்கே விசாரித்தால் நல்ல வழி சொல்வார்கள்.

*பிற்சேர்க்கை:* குழந்தைகளுக்கு மிட்டாய், பணம் கொடுக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம். எதையாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால் பெரியவர்களிடம் ஏதாவது பொருள் வாங்குங்கள்.

படி 5: சாப்பாடு

படுகர் சாப்பாடு உணவகங்களில் அவ்வளவாகக் கிடைக்காது. படுகர் குடும்பம் நடத்துகிற தங்கும் வீடாகப் பார்த்து, முதல் நாளே சொல்லிவைத்தால் சமைத்துத் தருவார்கள். கேட்க வேண்டியவை: ராகிக் களி, அதற்கு அவரைக் குழம்பு, இனிப்புக்குப் பொத்திட்டு. அவரையும் உருளைக்கிழங்கும் போட்டு வீட்டு மசாலாப் பொடியில் கொதிக்கிற அந்தக் குழம்பு இல்லாமல் களியைத் தனியாகச் சாப்பிட்டுவிட்டு ருசியில்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம், வர்க்கி. 2023-இல் இதற்கும் புவிசார் குறியீடு வந்தது. கண்ணாடிப் பெட்டியில் நாட்கணக்கில் இருப்பதை வாங்காமல், விறகு அடுப்பு வைத்திருக்கிற பேக்கரியைக் கேட்டுப் போங்கள். சூடான வர்க்கியைப் பிட்டால் அடுக்கடுக்காக உதிர வேண்டும். டீயில் ஒரு முக்கு முக்கி உடனே வாயில் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் கரைந்து டம்ளரின் அடியில் போய்விடும்.

தேயிலைத் தோட்டங்களில் பேச்சுக் கொடுத்தால் இன்னொரு கதையும் கேட்கக் கிடைக்கும். 1964-இல் போடப்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர் குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். அவர்களுக்கு வேலை கொடுக்கத் தொடங்கப்பட்டதுதான் டான்டீ என்கிற அரசுத் தேயிலை நிறுவனம். கண்டியிலும் ஹட்டனிலும் பிறந்த முதியவர்களை இங்கே நீங்கள் சந்திக்கலாம்.

படி 6: திருவிழா

ஹெத்தையம்மன் பண்டிகை படுகருக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது. டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரியில் நடக்கும். கோத்தகிரிக்குப் பக்கத்தில் பேரகணி கோயில்தான் முக்கியம். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள். வெள்ளை உடை உடுத்து, விரதமிருந்து, ஹெத்தைத் தடியோடு வெறுங்காலில் ஊர் ஊராக நடந்து வருகிறவர்களின் வரிசை தேயிலைக்கு நடுவே நீளும். வெளியூர்க்காரர்கள் ஓரமாக நின்று பார்க்கலாம். வெளிர் நிற, முழு உடல் மூடும் உடையில் போங்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம். தோடர் புத்தாண்டும் அதே பருவத்தில் முத்தநாடு மந்தில் வரும். ஆண்கள் வட்டமாகக் கைகோத்து ஆடுவார்கள், இளவட்டக்கல் தூக்குவார்கள். நாட்களை அந்தந்தச் சமூகமே முடிவு செய்வதால், தங்கும் வீட்டுக்காரரிடம் நவம்பரிலேயே கேட்டுவைப்பது நல்லது.

*பிற்சேர்க்கை:* பனிக்காலத்தில் மாலை நடை போகலாமா என்று கேட்டிருந்தார்கள். ஐந்தரைக்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். கோத்தகிரியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் இருட்டுகிற நேரத்தில் கரடியும் காட்டெருமையும் இறங்கும். காட்டெருமை பாதையில் நின்றால் கைதட்டி விரட்டாமல் வந்த வழியே பின்வாங்குங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஊர்ப் பக்கம் போகிற வண்டிகளுக்குச் செயலிகளில் காட்டுகிற நேரத்தை நம்ப முடியாது.