ரெட்டினோபிளாஸ்டோமா குணமான பிள்ளைக்கு ஆயுள் முழுக்கத் தேவைப்படும் கவனம்

ரெட்டினோபிளாஸ்டோமா என்பது சிறு பிள்ளைகளின் விழித்திரையில் வரும் புற்றுநோய். அதற்கான சிகிச்சை முடிந்ததும் இரண்டு தாள்களைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஒன்று, இந்தப் புற்றுநோயோடு தொடர்புள்ள ஆர்.பி.1 என்ற மரபணுவின் பரிசோதனை முடிவு. இரண்டு கண்ணிலும் கட்டி வந்திருந்தால் மரபணுக் கோளாறு உடம்பு முழுக்க இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களிலும் சுமார் 15 சதவீதம் பேருக்கு அது இருக்கும். "ஒரு கண்தானே" என்று விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, சிகிச்சைச் சுருக்கம்: என்ன மருந்து, எவ்வளவு, கதிர்வீச்சு எந்த வயதில். இருபது வருடம் கழித்துப் பார்க்கும் டாக்டர் முதலில் கேட்பது இதைத்தான்.

ஒரு கண் பார்வை மட்டும் மிஞ்சியிருந்தால் பவர் இல்லாவிட்டாலும் விழித்திருக்கும் நேரமெல்லாம் பாலிகார்பனேட் கண்ணாடி வேண்டும். சாதாரணக் கண்ணாடி வில்லை உடைந்தால் சில்லு கண்ணிலேயே குத்தும். பந்து விளையாட்டுக்கு அதற்கென்றே உள்ள பாதுகாப்புக் கண்ணாடி தனி.

செயற்கைக் கண்ணைத் தினமும் கழற்ற வேண்டியதில்லை. அடிக்கடி கழற்றினால் கண் குழி புண்ணாகும், நீர் கூடும். கழற்றும்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மேசையில் துண்டை விரியுங்கள். பிள்ளையை மேலே பார்க்கச் சொல்லி, கீழ் இமையைக் கீழே இழுத்தால் விளிம்பு வெளியே வரும். மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் போதும். ஸ்பிரிட் பட்டால் செயற்கைக் கண்ணின் அக்ரிலிக் பிளாஸ்டிக் விரிசல் விட்டு மங்கிவிடும். கழுவும் தொட்டியின் ஓட்டையை மூடிக்கொள்ளுங்கள், வழுக்கி உள்ளே போனால் கிடைக்காது. வருடத்துக்கு ஒரு முறையாவது பாலிஷ் போட வேண்டும். முகம் வளர வளர அளவும் மாற்ற வேண்டும். கண் உள்வாங்கித் தெரிவதும் இமை சரியாக மூடாததும் அதற்கான அறிகுறிகள்.

மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் எலும்பு, தசை, தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். வளரும் வயதில் வரும் கால்வலி பெரும்பாலும் இரண்டு காலிலும் வரும், காலையில் போய்விடும். ஒரே இடத்தில் விடாமல் வலித்தாலோ, தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ, வீக்கம் தெரிந்தாலோ "அடிபட்டிருக்கும்" என்று காத்திருக்காமல் மரபணு விஷயத்தைச் சொல்லி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். மற்றபடி தேவையற்ற எக்ஸ்ரே, சி.டி. வேண்டாம், அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ. போதுமா என்று கேளுங்கள். ஆனால் அவசரத்துக்குத் தேவைப்படும் சி.டி.யை மறுக்கக் கூடாது. வெயிலில் தொப்பியும் எஸ்.பி.எஃப். 30 கிரீமும் வேண்டும். புகையிலை அறவே கூடாது. புதிய மச்சமோ, மாறும் மச்சமோ தென்பட்டால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கார்போபிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து ஏற்றியிருந்தால் காது கேட்கும் திறனைத் தவறாமல் சோதிக்க வேண்டும். முதலில் கேட்காமல் போவது கீச்சென்ற உயர்ந்த சத்தங்கள் என்பதால் வீட்டில் கண்டுபிடிப்பது கடினம்.

பிள்ளை பெரியவராகிக் குடும்பம் ஆரம்பிக்கும்போது, அவருக்கு மரபணுக் கோளாறு இருந்தால் அது ஒவ்வொரு குழந்தைக்கும் போகும் வாய்ப்பு 50 சதவீதம். கர்ப்பத்துக்கு முன்பே மரபணு ஆலோசகரைப் பார்க்க வேண்டும். பிறந்த குழந்தைக்கு முதல் வாரத்திலேயே கண்மணியை விரியவைத்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். போட்டோவில் கண்மணி வெள்ளையாகத் தெரியும்வரை காத்திருந்தால் கட்டி அதற்குள் பெரிதாகியிருக்கும்.