ஐ7 இருந்தால் போதுமா? பட்ஜெட் கேமிங்கில் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் புராசசர் தேடும்போது செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு சாயங்காலம் எங்கள் தாமான் (குடியிருப்பு) பையன் ஒருவன் மோட்டாரில் இரண்டு காலுக்கும் நடுவில் கேசிங்கை நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினான். சுங்கை சிப்புட்டில் கம்ப்யூட்டர் கடை இல்லாமல் இல்லை, ஆனால் கேம் பீசி என்றால் ஈப்போவுக்குப் போ என்பார்கள், இல்லாவிட்டால் என்னிடம் வருவார்கள். நான் கடைக்காரன் இல்லை, பகலில் வேறு வேலை, இது கைப்பழக்கம். "அண்ணே, ஐ7 போட்டிருக்கேன், கார்டு 8 ஜிபி, ஆனா வேலரன்ட் கேம்ல நாலு பேர் ஒண்ணா வந்தா படம் திக்குது" என்றான். திறந்து பார்த்தால் இன்டெலின் ஐ7-2600 புராசசர். 2011ல் வந்த சில்லு. அந்த வருஷம் அவன் பாலர் பள்ளியில் சேர்ந்திருந்தாலே பெரிய விஷயம்.

பெயரைப் பார்த்து வாங்குவது, இதுதான் நான் அடிக்கடி பார்க்கிற முதல் தவறு. ஐ3, ஐ5, ஐ7 என்பது அந்தந்த வருஷத்துக் குடும்பத்துக்குள் தம்பி, அண்ணன், பெரியண்ணன் என்று சொல்வது மாதிரி. வருஷம் மாறினால் அந்த வரிசைக்கு அர்த்தமில்லை. பார்க்க வேண்டியது கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணை. 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 12100 என்றால் பன்னிரண்டாவது. 2022ல் வந்த ஐ3-12100எஃப்பிலும் 4 கோர், 8 த்ரெட்தான், அதாவது நாலு மூளை, ஒரே நேரத்தில் எட்டு வேலை, அந்தப் பழைய ஐ7-லும் அதேதான், ஆனால் ஒவ்வொரு கோரும் செய்கிற வேலையில் ஐ3 வெகுதூரம் முன்னால் போய்விடும். அதோடு இன்டெலில் நான்காம் தலைமுறைக்கு முந்தைய சில்லுகளில் ஏவிஎக்ஸ்2 என்ற கணக்குக் கட்டளைத் தொகுப்பு கிடையாது, புதிய கேம்கள் சில அது இல்லாமல் திறக்கவே மறுக்கும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்கிற கணக்கில் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், ஏஎம்டியின் ரைசன் என்றால் 2000 வரிசையாவது வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றிவிடலாம்தான், ஆனால் வேலரன்ட் விண்டோஸ் 11-ல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் இருக்கிறதா என்று கேட்கும், அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

பழைய சர்வர் ஜியோன் சில்லை சீனத்து போர்டில் போட்டு "10 கோர்" என்று விற்பதும் இதே கதைதான். வீடியோ வெட்ட உதவும். கேமுக்கு வேண்டியது வேகமான சில கோர்கள், மெதுவான பல கோர்கள் இல்லை.

சரி, கார்டுக்குப் புராசசர் பொருந்துவது என்றால் என்ன? நம் ஊரில் செம்பனைத் தோட்டத்தைப் பார்க்காதவர் இருக்க மாட்டார். ஒருவர் நீளக் கம்பில் அரிவாளைக் கட்டிக் குலையை வெட்டித் தள்ளிக்கொண்டே போவார், இன்னொருவர் அதைப் பொறுக்கி வண்டியில் போட்டு ரோட்டோரத்தில் சேர்ப்பார். வெட்டுகிறவர் எவ்வளவு வேகமாக வெட்டினாலும், தள்ளுவண்டிக்காரர் மெதுவாக இருந்தால் குலை மரத்தடியிலேயே கிடக்கும். அவர் வேகமாக இருந்து வெட்டுகிறவர் மெதுவாக இருந்தால் வண்டி சும்மா நிற்கும். புராசசர் வெட்டுகிறவர்: எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே போகிறது, எதை வரைய வேண்டும் என்று ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும், கணக்குப் போட்டுக் கொடுப்பது அதன் வேலை. அதை வரைந்து திரைக்குச் சேர்ப்பது கார்டு. இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற ஃபிரேம்.

இதில் பலர் விட்டுவிடுகிற ஒன்று இருக்கிறது. ரெசல்யூஷனை, அதாவது படத்தின் புள்ளிகளை, கூட்டினால் கார்டின் சுமை ஏறும், புராசசரின் சுமை பெரிதாக மாறாது. அதனால் இந்தக் கார்டுக்கு இந்தப் புராசசர் சரியா என்ற கேள்விக்குத் தனியாகப் பதிலே கிடையாது, என்ன கேம், என்ன மானிட்டர் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 மாதிரி கேமை 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 படம்) மானிட்டரில் விளையாடுகிறவனுக்குப் புராசசர்தான் உயிர். கதை சொல்லும் பெரிய கேமை 60 ஹெர்ட்ஸ் திரையில் நிதானமாக விளையாடுகிறவன் அதே காசைக் கார்டில் கொட்டலாம். இணையத்தில் இரண்டு பெயரைத் தட்டினால் "17 சதவீதம் பாட்டில்நெக்" (ஒன்று மற்றொன்றை இழுத்துப் பிடிப்பது) என்று ஒரு எண்ணைத் துப்புகிற கால்குலேட்டர்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கு உங்கள் கேமும் தெரியாது, செட்டிங்கும் தெரியாது. அந்த எண்ணை நம்பி ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காதீர்கள்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். கேமை ஓடவிட்டு கார்டு எவ்வளவு உழைக்கிறது என்று பாருங்கள். 97, 98 சதவீதத்தில் நின்றால் கார்டு முழுதாக வேலை செய்கிறது, புராசசர் மேல் பழி போடாதீர்கள். 60, 70-ல் நின்றால், ஃபிரேமுக்கு வரம்பு எதுவும் போட்டிருக்கவில்லை என்றும் பார்த்துவிட்டு, ரெசல்யூஷனைக் குறையுங்கள். குறைத்தும் ஃபிரேம் ஏறவில்லையா, புராசசர்தான் இழுத்துப் பிடிக்கிறது. இங்கே ஒரு பொறி உண்டு. டாஸ்க் மேனேஜரில் புராசசர் 40 சதவீதம் என்று காட்டும், உடனே "பாதிகூட வேலை செய்யலையே அண்ணே" என்பார்கள். அது எல்லாக் கோரையும் சேர்த்துச் சராசரி. ஒரு கோர் மட்டும் முழுக்க மூச்சு முட்டி நிற்கும், மற்றவை சும்மா இருக்கும். தனித்தனிக் கோராகப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அந்தப் பையன் பீசியில் இதைத்தான் செய்தேன், ரெசல்யூஷனை 720-க்கு இறக்கியும் ஃபிரேம் ஒரே இடத்தில் நின்றது. அவன் முகம் வாடிவிட்டது, கார்டை மாற்றக் காசு சேர்த்துக்கொண்டிருந்தானாம்.

அந்தக் கார்டைப் பற்றி ஒரு சின்ன விஷயம். அவனுடையது போல ஆர்எக்ஸ் 580 என்று எழுதியிருந்தாலும் 2048எஸ்பி என்று ஒரு வகை உண்டு, அசல் 580-ல் 2304 ஷேடர் (படம் வரையும் சின்னக் கணக்குக் கூறு), இதில் 2048தான், கிட்டத்தட்ட 570-க்குச் சமம். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளின் திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. எஸ்.பி.எம். தேர்வு முடித்த மகனுக்கு வாங்கித் தருகிற அப்பாக்கள்தான் பெரும்பாலும் இதைச் செய்வார்கள், "பெருசா போட்டுட்டா பல வருஷத்துக்கு வரும்" என்று 8 கோர் புராசசரில் பாதிக் காசு போய்விடும், மிச்சத்துக்கு 4 ஜிபி கார்டுதான் கிடைக்கும். என் கணக்கு சாதாரணமானது: புராசசருக்கு ஒரு பங்கு என்றால் கார்டுக்கு இரண்டு பங்கு. 6 கோர், 12 த்ரெட் உள்ள ஐ5-12400எஃப் அல்லது ரைசன் 5 5600, கூடவே 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600 மாதிரி ஒரு கார்டு, 1080பி மானிட்டருக்கு அது சண்டை போடாத ஜோடி. கை இன்னும் கடித்தால் 12100எஃப்.

ரைசனில் மலிவு பார்க்கும்போது கவனம் வேண்டும். 5500-ம் 5600-ம் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி, இரண்டிலும் 6 கோர். ஆனால் 5600-ல் எல்3 கேஷ் (புராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 32 எம்பி, 5500-ல் 16 எம்பி, 4500-ல் வெறும் 8. கேஷ் குறைந்தால் கேமில் தெரியும். அதைவிடப் பெரிய விஷயம், கார்டும் புராசசரும் பேசிக்கொள்ளும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை. 5500, 5600ஜி இரண்டும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 வரைதான் போகும். ஏ520 மதர்போர்டும் அப்படித்தான், அதில் 5600-ஐ மாட்டினாலும் 3.0-தான். பெரும்பாலான கார்டுக்கு இது பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இருக்கிறதே, அதை ஏஎம்டி நான்கே நான்கு லேனோடு (தரவு போகும் தடம்) செய்திருக்கிறது, சொந்த மெமரியும் 4 ஜிபிதான். அந்த 4 ஜிபி நிறைந்ததும் மிச்சத்தை ரேமிலிருந்து இழுக்க வேண்டும், இழுக்கிற பாதையோ நான்கு லேன், அதிலும் 3.0 என்றால் அகலம் இன்னும் பாதியாகிவிடும். படம் நன்றாக ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று நின்று நின்று போகும். கார்டு கெட்டுவிட்டது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆர்எக்ஸ் 6600-க்கு எட்டு லேன், அதனால் 3.0 போர்டிலும் அது சமாளித்துக்கொள்ளும்.

இன்டெல் ஆர்க் பி580 பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 12 ஜிபி என்று ஆசை காட்டும், நல்ல கார்டுதான், ஆனால் அது புராசசரை அதிகம் வேலை வாங்கும், ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் புராசசர் ஒன்றாக அணுக விடும் வசதி) இல்லாத பழைய போர்டில் அடி வாங்கும். புதுப் புராசசரோடு மட்டும் சேருங்கள்.

அப்புறம் எழுத்துகள். இன்டெலில் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை, கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. ரைசனில் ஜி இருந்தால் உண்டு. தெரிந்த அக்கா ஒருவரின் மகன் புது பீசியைப் பூட்டி, எஃப் சில்லு, எச்டிஎம்ஐ வயரை மதர்போர்டில் குத்திவிட்டு இரண்டு நாள் கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதுகூடப் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். எஃப் இல்லாத புராசசர் என்றால் படம் வரும், கேமும் ஓடும், ஆனால் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும், "புதுக் கார்டு போட்டும் ஸ்லோவா இருக்கே" என்று மாதக்கணக்கில் புலம்பியவரும் உண்டு. வயரைக் கழற்றிக் கீழே கார்டில் குத்தினேன், அவ்வளவுதான் வைத்தியம். அவர் தந்த தேநீருக்கு அது ரொம்ப சுலபமான வேலை.

அலுவலகத்தில் கழித்த பிராண்ட் டெஸ்க்டாப்பை மலிவாக வாங்கிக் கார்டு சொருகுவது கெட்டிக்காரத்தனம்தான், புராசசரும் ஓரளவு நல்லதாக இருக்கும், ஆனால் பவர் சப்ளையைப் பார்க்காமல் கார்டு வாங்காதீர்கள். பலவற்றில் கார்டுக்கான 6 பின், 8 பின் வயரே இருக்காது, பவர் சப்ளையின் வடிவமும் தனி, வெளியில் வாங்கியது பொருந்தாது. அப்போது சிலர் ஹார்ட் டிஸ்குக்கான சாட்டா மின் வயரை 8 பின்னாக மாற்றுகிற ஒரு குட்டி அடாப்டரை ஆன்லைனில் தேடி வாங்குகிறார்கள். சாட்டா பவர் முனை 12 வோல்ட்டில் 54 வாட்தான் தாங்கும், 8 பின் முனை 150 வாட் வரை இழுக்கும். இந்தக் கணக்கு எங்கே முடியும் என்று உருகிப்போன ஒரு முனையை நானே கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன், பிளாஸ்டிக் வாசனை அறையில் ஒரு வாரம் இருந்தது. அந்த மாதிரிப் பெட்டிக்கு ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கிற கார்டுதான் சரி. ஸ்லாட் தருவது 75 வாட், 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 எடுப்பது 70. ஒல்லிப் பெட்டி என்றால் குட்டைக் கார்டாகவும் பார்க்க வேண்டும்.

ரேம் பற்றி ரொம்பப் பேச வேண்டாம். 16 ஜிபி ஒரே துண்டாக வேண்டாம், 8-ம் 8-மாக இரண்டு துண்டு போடுங்கள், பயோஸில் (போர்டின் அடிப்படை மென்பொருள்) ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பியை ஏற்றுங்கள். இன்டெலுக்கான எச்610 போர்டில் டிடிஆர்4 எடுப்பதும் உண்டு, டிடிஆர்5 எடுப்பதும் உண்டு, ஒன்றுக்குள் மற்றொன்று நுழையாது.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். ஐ7-2600-ஐ மட்டும் கழற்றிப் புதுசு மாட்ட வழியில்லை, சாக்கெட் வேறு, ரேம் டிடிஆர்3, புராசசர், போர்டு, ரேம் மூன்றும் சேர்ந்துதான் போகும். இந்தச் செலவைத்தான் எல்லாரும் மறப்பார்கள். கார்டுக்குச் சேர்த்த காசை எடுத்து, கார்டை அப்படியே விட்டு, செகண்ட் ஹேண்டில் ஒரு பி450 போர்டு, ரேம், ரைசன் 5 5600 என்று வாங்க வைத்தேன். பழைய பி450 போர்டுக்கு 5600-ஐத் தெரியாது, பயோஸைப் புதுப்பிக்க வேண்டும், அதைச் செய்யப் பெரும்பாலும் போர்டு ஏற்கெனவே தெரிந்துவைத்திருக்கிற பழைய சில்லு ஒன்று வேண்டும். நல்ல வேளையாக என் டிராயரில் ஒரு ரைசன் 3 1200 கிடந்தது. தனியாகச் செய்கிறவர்கள் வாங்கும்போதே "பயோஸ் ஏற்றித் தருவீர்களா" என்று விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

அவன் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வந்தபோது மணி நாலு. மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது, ஒரு இடி கேட்டது. நம் ஊரில் அந்த நேரத்தில் கரண்ட் ஒரு கண் சிமிட்டு சிமிட்டும், பயோஸ் பாதி ஏறும்போது சிமிட்டினால் போர்டு செத்துவிடும். வைத்துவிட்டுப் போ தம்பி, காலையில் ஏற்றலாம் என்றேன். அவனுக்கு மனமே இல்லை, மழை விடும்வரை வீட்டு முன் அஞ்சடியிலேயே உட்கார்ந்திருந்தான்.